நண்டு ஆலையில் காற்றைத் தணிக்கை செய்தது

போர்வெனீருக்குப் படகில் போனோம்.
மடிக்கணினியைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டேன்.
ரெனாத்தோ மூன்று ஆன்டெனாக்களைத்
தூண்டில் பையில் செருகியிருந்தான்.
ஆலைக்காரர் தந்த கடிதத்தில் ஒரே வரி:
எங்கள் வைஃபையை உடைத்துப் பாருங்கள்.
கையெழுத்து, முத்திரை, தேதி.
அந்தக் காகிதம் இல்லையென்றால் நாங்கள் திருடர்கள்.
இருந்தால்
ரசீது கொடுக்கிற திருடர்கள்.

ஜலசந்தி பாதி தாண்டுவதற்குள் சண்டை.
ஏர்கிராக் என்றான் அவன்.
கதவு என்று இருந்தால் தட்ட வேண்டியதுதானே?
நான் கிஸ்மெட் என்றேன்.
அது தட்டாது, வாயே திறக்காது,
சேனல் விட்டுச் சேனல் தாவி
ஊர் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு
சும்மா இருக்கும்.
"சும்மா இருக்கவா நமக்குக் கூலி?"

முதல் இரவு அவன் கட்சி.
இணைந்திருந்த எல்லாவற்றையும் ஒரு நொடி
வெளியே தள்ளினான்.
அவை திரும்ப ஓடிவந்து
கதவில் சொல்லும் ரகசியச் சொல்லின் நிழலைப் பிடித்தான்.
நான்கு நிமிடத்தில் உடைந்தது:
முதலாளியின் நாயின் பெயர்,
அது பிறந்த வருடம்.
அவன் சிரித்து முடிப்பதற்குள் சைரன்.
குளிரறைத் தெர்மாமீட்டர்களும் அதே வைஃபையில்தான்
என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.
ரப்பர் பூட்சில் ஓடிவந்தார் இரவு மேற்பார்வை எதெல்மீரா,
கையில் நண்டு உடைக்கும் கத்தரி.
"ஒன்பது டன் சரக்கு உள்ளே இருக்கிறது, பிள்ளைகளே.
விளையாட வேறு இடம் இல்லையா?"

மறுநாள் வயர்ஷார்க்.
பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து
வரிக்கு ஒரு வண்ணம் பூசிக் காட்டும்.
அழகுதான். ஆனால் ஒரு மணி நேரப் பேச்சைத் திறந்தால்
என் கணினி மூச்சிரைக்கும்.
கொதிகலன் அறையில் திரையே இல்லாத பழைய பெட்டியில்
டிசிபிடம்ப் போதும்:
கறுப்பில் வெள்ளை, ஒரு வரிக் கட்டளை,
ஒல்லியான கிழட்டு நாய், மோப்பம் தப்பாது.
தெர்மாமீட்டர்கள் மணிக்கொரு முறை
எங்கோ ஒரு முகவரிக்குக்
குளிரின் அளவைத் திறந்த தபாலில் அனுப்பிக்கொண்டிருந்ததை
முதலில் கண்டது அதுதான்.
எது சிறந்தது என்று ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னார் முதலாளி.
கத்தரியையும் தராசையும்
எப்படி ஒப்பிடுவது?

மூன்றாம் இரவு என் கட்சி. சும்மா இருந்தோம்.
கூரைத் தகரத்தைக் காற்று உரித்துப் பார்த்தது.
திரையில் ஒவ்வொன்றாக வந்தன
வேலைக்கு வந்தவர்களின் கைபேசிகள்.
பழைய கைபேசிகளுக்கு ஒரு வழக்கம்:
என்றோ இணைந்த வைஃபைகளை
இருட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடும்,
இருக்கிறாயா, இருக்கிறாயா என்று.
ஒன்று படகைக் கூப்பிட்டது.
ஒன்று சாந்தியாகோவில் ஏதோ மதுக்கடையை.
எதெல்மீராவுடையது
புந்தா அரேனாஸ் மருத்துவமனையை,
புற்றுநோய்ப் பிரிவு, நான்காம் மாடி.
ரெனாத்தோ என்னைப் பார்க்கவில்லை.
நான் அவனைப் பார்க்கவில்லை.
காதில் விழுந்ததையெல்லாம் அறிக்கையில் போட
எங்கள் கடிதத்தில் இடமில்லை.
அந்த வரியை அழித்தேன். கோப்பிலிருந்து.

அதற்கும் கீழே ஒன்று.
பதினைந்து நொடிக்கு ஒரு முறை, எல்லாவற்றையும்விட வலுவாக:
ஆன்குத் மாடிவீடு.
ஆன்குத் மாடிவீடு.
சிக்னலைப் பார்த்து அவன் சொன்னான்,
"இது ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது."
பிறகு புரிந்து, காபி எடுக்கப் போனான்.
காபி எங்கள் எதிரிலேயே இருந்தது.

அந்த வீட்டைவிட்டு வந்து பதினொரு மாதம்.
என் சட்டைப்பையில் ஒன்று
தினமும் அதன் வாசலில் நின்றிருக்கிறது.

அறிக்கை முப்பத்தொரு பக்கம்:
கடவுச்சொல்லை மாற்றவும்.
தெர்மாமீட்டர்களைத் தனியே பிரிக்கவும்.
நாயை எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.

திரும்பும் படகில் கைபேசி கேட்டது:
இந்த நெட்வொர்க்கை மறக்கவா?
கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது.
விரல் விறைத்திருந்தது.
இரண்டு முறை தவறாக அழுத்தினேன்,
அங்கே காற்று அப்படி.